பத்தொன்பதாம் இடத்தில் இரண்டு பேர்

ஒரு விடுகதை. ஓட்டப் பந்தயத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கயிற்றைத் தொட்டார்கள். இருவருக்கும் முதல் இடம். அவர்களை அடுத்து ஓடி வந்த பிள்ளை இரண்டாவதா, மூன்றாவதா? யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. நான் இதற்கு விடை சொல்லிச் சொல்லியே பத்துப் பதினைந்து வருடம் திட்டு வாங்கியவன்.

செங்கல்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் சிறுவர் பக்கத்தைக் கவனித்துவந்தேன். சிங்கம், நரி, கடைசியில் ஒரு நீதி என்று மூன்று பத்தி எழுதிவிட்டால் அந்த வேலை முடிந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்தத் தொழிலில் கதை எழுதத் தெரியாதவர்கூடக் காலம் தள்ளிவிடலாம். சமமாக வந்த இரண்டு பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாதவர் தள்ள முடியாது. பள்ளி ஆண்டு விழாவுக்கோ, தெருக் கோலப் போட்டிக்கோ, அலுவலகக் கேரம் போட்டிக்கோ ஒரு முறையாவது தரவரிசை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

யாருமில்லாத மூன்றாம் இடம்

தொண்ணூறுகளின் தொடக்கம். வாரா வாரம் புதிர் போடுவோம். பிள்ளைகள் அஞ்சலட்டையில் விடை எழுதி அனுப்புவார்கள். மாதக் கடைசியில் புள்ளிகளைக் கூட்டி யார் யார் எந்த இடம் என்று வெளியிடுவோம். ஒரு மாதம் இரண்டாம் இடத்தில் இரண்டு பேர் சமமாக வந்தார்கள். ஒன்று, இரண்டு, இரண்டு, நான்கு என்று போட்டேன். ஒரு பிள்ளைக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதோடு ஒன்று கூட்டினால் அந்தப் பிள்ளையின் இடம். அந்த நான்காவது பையனுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். கணக்கு சுத்தம்.

திங்கட்கிழமை காலையில் பையனின் அப்பா பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மதுராந்தகத்தில் டயர் கடை வைத்திருந்தவர். "மூணாவது யாரு சார்?" என்றார். யாரும் இல்லை என்றேன். "யாரும் இல்லியா? நல்லாப் பாத்துச் சொல்லு." காகிதம் எடுத்து, நான்கு வட்டம் போட்டு, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாக விளக்கினேன். அவரும் கடைசி வட்டம் வரை பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு எழுந்து நின்று சொன்னார்: "யாருமே இல்லாம காலியாக் கீற எடத்தை எம் புள்ளைக்குக் குடுத்தா ஒனக்கு இன்னாயா கொறஞ்சுடும்?"

'வி'யில் தொடங்கிய பையன்

திருப்போரூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். கடைசிச் சுற்றில் ஆனந்த், விக்டர் என்று இரண்டு பையன்கள் சமம். கோப்பை ஒன்றுதான் வாங்கி வைத்திருந்தார்கள். இன்னொரு கேள்வி கேட்கலாம் என்றேன். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். ஆங்கில அகரவரிசைப்படி முதலில் வரும் பெயருக்குக் கோப்பை என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார் ஆசிரியர் ஒருவர். யார் மனமும் புண்படாத வழியாம் அது.

அடுத்த வருடமும் போனேன். விக்டர் மறுபடியும் சமமாக வந்தான், இந்த முறை தீபா என்கிற பெண்ணோடு. மறுபடியும் சாப்பாட்டு நேரம், மறுபடியும் அகரவரிசை. கூட்டம் கலைந்த பிறகு விக்டரின் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். கோபம் ஒன்றும் தெரியவில்லை. சந்தேகம் கேட்பவர்போல மெதுவாகச் சொன்னார்: "வூட்ல மாசமா இருக்கா சார். இந்தத் தபா ரெண்டு 'ஏ' போட்டு ஆரோன்னு வெச்சுடறேன். அப்பவாவது கோப்பையக் குடுப்பாங்களான்னு பாக்கறேன்."

மாடியில் கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கையெழுத்துக் கணக்கு ஓய்ந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் தனலட்சுமி என்பவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் அடித்துத் தருவார். எங்கள் புள்ளிப் பட்டியலும் அவரிடம் போனது. மாதப் போட்டி வருடப் போட்டியாக மாறியது. பிள்ளை பெயருக்கு நேரே இந்த வாரம் எவ்வளவு, இதுவரை எவ்வளவு என்று இரண்டு கட்டம். இந்த 'இதுவரை'யை நான் ஓடும் கூட்டல் என்பேன். ஒவ்வொரு வரியிலும் அதற்கு முன்னால் வந்ததெல்லாம் சேர்ந்துகொண்டே போகும்.

ஆரம்பத்தில் நான் அந்தக் கூட்டலை நம்பவில்லை. அச்சடித்த தாளை அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பென்சிலால் சரிபார்ப்பேன். ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை. தனலட்சுமி சில வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் வாடிக்கையாளர் நான்கைந்து பேர் நிற்கும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நம்பிக்கை இல்லேன்னா இன்னாத்துக்கு சார் மாடி ஏறி வர்றீங்க? கீழயே சோடாக் கடை கீது. அங்க ஒக்காந்து கூட்டுங்க, காத்தாவது வரும்."

நாற்பது கட்டில்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம். மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே கடற்கரையோரம் முழுப் பரீட்சை விடுமுறையில் ஆறு நாள் அறிவியல் முகாம் நடத்த ஓர் அறிவியல் மன்றம் முன்வந்தது. எங்கள் வருடப் போட்டியில் முன்னணியில் வந்த பிள்ளைகளை அழைப்பார்கள். தொலைநோக்கி, சோதனைக்கூடம் எல்லாம் உண்டு. ஆறாம் நாள் விடியற்காலையில் கடலாமைக் குஞ்சுகளை மணலில் விடுவார்கள். பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கலாம். இதைச் சிறுவர் பக்கத்தில் அறிவித்த பிறகு வந்த அஞ்சலட்டைகளை ஒரு ஆளால் தூக்க முடியவில்லை.

கருங்குழியிலிருந்து எழுதும் ஆக்னஸ் என்கிற பெண் அதுவரை விடைகளை மட்டும்தான் எழுதுவாள். ஆறாம் வகுப்பு. அறிவிப்புக்குப் பிறகு ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் ஒரு கேள்வி சேர்ந்தது. ஆமைக் குஞ்சுக்குப் பல் உண்டா? அம்மா ஆமை ஏன் நின்று பார்க்காமல் போய்விடுகிறது? கடல் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொல்வார்கள்? வருடம் முழுக்க இரண்டே வாரம்தான் அவள் அட்டை வரவில்லை. அந்த இரண்டு வாரமும் எங்கள் பத்திரிகைக் கட்டு அவள் ஊர்க் கடையில் இறங்காமல் போயிருந்தது.

முகாமில் தங்கும் இடத்தில் இருந்தது நாற்பது கட்டில். பிள்ளையோடு பெரியவர் ஒருவர் வர வேண்டும் என்பது விதி. ஆகப் பிள்ளைக்கு இரண்டு கட்டில். தரவரிசைப்படி மேலிருந்து கீழே கட்டில்களைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டல் நாற்பதைத் தாண்டும் இடத்தில் கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் வரலாம். ஒரே ஒரு பையன் மட்டும் தம்பியையும் கூட்டி வருவேன் என்று எழுதியிருந்தான். அதனால் முதல் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு முப்பத்தேழு கட்டில் ஆனது. பத்தொன்பதாம் இடத்தில் ஆக்னஸும், கல்பாக்கம் குடியிருப்பில் இருந்த சிந்துஜாவும் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லாமல் நின்றார்கள். மன்றத்தின் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஓய்வு பெற்ற அதிகாரி அவர். குரல் எப்போதும் மலர்ச்சியாக இருக்கும். "சமமா? சந்தோஷம் சார், சந்தோஷம். நம்ம மாவட்டத்துல திறமை பெருகிட்டு வருது."

அது நம்பிவிட்டது

தனலட்சுமி கட்டில் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வரியிலும், அந்த இடத்தில் இருப்பவர்களையும் அதற்கு முந்தைய இடங்களில் இருப்பவர்களையும் சேர்த்துக் கூட்டச் சொல்லியிருந்தேன். பதினெட்டாம் வரி வரைக்கும் ஒழுங்காக வந்தது. முப்பத்தேழு. அதற்குக் கீழே ஆக்னஸ், நாற்பத்தொன்று. சிந்துஜா, நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது என்ற எண்ணையே காணோம். இருவரும் கோட்டுக்குக் கீழே. மூன்று கட்டில் காலி.

"தப்பு" என்றேன். "இன்னா தப்பு?" என்றார். ஒருத்திக்கு இரண்டு சேர்த்தால் முப்பத்தொன்பது, அடுத்தவளுக்கும் சேர்த்தால்தானே நாற்பத்தொன்று? "யாரு ஒருத்தி, யாரு அடுத்தவ?" என்று கேட்டார் தனலட்சுமி. பத்தொன்பதாம் இடம் வரைக்கும் கூட்டு என்றால் அந்த இடத்தில் இருக்கிற இரண்டு பேரையும்தான் அது கூட்டும். ஆக்னஸைக் கூட்டும்போதும் இரண்டு பேர். சிந்துஜாவைக் கூட்டும்போதும் இரண்டு பேர். ஒருத்தி வந்தால்தான் மற்றவள் வரலாம் என்று கையோடு கை கோத்துக் கட்டிவிட்ட மாதிரி. தனலட்சுமி தாளை என் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு பேரும் சமம்னு நீங்கதான சார் சொன்னீங்க? அது பாவம், நம்பிடுச்சு."

எந்தக் கட்டம்?

பிரிக்க வழி இருந்தது. இடம் ஒன்றாக இருந்தால் அடுத்து எந்தக் கட்டத்தைப் பார்த்து முன்பின் வைப்பது என்று சொல்லிவிட்டால் போதும். அப்புறம் கூட்டல் வரி வரியாக இறங்கிவிடும். முதல் பெண்ணுக்கு முப்பத்தொன்பது, இரண்டாவது பெண்ணுக்கு நாற்பத்தொன்று. நாங்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். பெயர்ப்படி அடுக்கினால் ஆக்னஸ் முன்னே. விண்ணப்பம் வந்த தேதிப்படி அடுக்கினால் சிந்துஜா முன்னே. அவள் விண்ணப்பத்தை அப்பாவே ஆபீஸ் பஸ்ஸில் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆக்னஸுடையது தபாலில் ஊர்ந்து வந்தது. வயதில் இளையவளுக்கு என்றால் சிந்துஜா. தூரத்து ஊருக்கு என்றால் ஆக்னஸ். ஒவ்வொரு கட்டத்தைத் தொட்டதும் இரண்டு பெயரும் மேலும் கீழும் இடம் மாறின. எந்தக் கட்டம் என்று சொல்கிறவர்தான் எந்தப் பிள்ளை என்று சொல்கிறார். ஆனால் வெளியே வந்து கம்ப்யூட்டர் சொன்னது என்பார்.

நான் கட்டம் எதையும் சொல்ல மறுத்தேன். போட்டி விதியில் இல்லாத ஒன்றைப் போட்டி முடிந்த பிறகு சேர்க்கக் கூடாது. இன்னும் இரண்டு கட்டிலோ, தரையில் இரண்டு பாயோ போட்டால் தீர்ந்தது என்று செயலாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். கணக்குக்கு மேல் ஆள் தங்கினால் விடுதிக்காரர் சாவியைத் திரும்பக் கேட்பார் என்றார். பிறகு விண்ணப்பங்கள் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தந்தையின் தொழில் என்ற இடத்தில் சிந்துஜா தன் அப்பாவின் பதவியை ஆங்கிலத்தில் முழுசாக எழுதியிருந்தாள். ஆக்னஸ், "லோடு ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்" என்று எழுதியிருந்தாள். செயலாளர் அதைப் படித்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபடி சொன்னார்: "இவ்வளவு யோசிக்கிறீங்களே சார். 'தந்தையின் தொழில்'னு ஒரு கட்டம் போட்டிருக்கோமே, அது என்ன அழகுக்கா இருக்கு?"

மூன்றாவது ஆள்

இந்த இழுபறி எப்படித்தான் வெளியே போனதோ, இரண்டு நாளில் திருப்போரூரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். மனை வாங்கி விற்கிறவர். பழைய மகாபலிபுரம் சாலையில் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லேஅவுட் வரைபடம் மடித்து வைத்திருப்பார். அவருடைய பையனுக்கு இருபத்தோராம் இடம். "ரெண்டு பொண்ணுங்களும் வெளிய. மூணு கட்டிலு காலி. எனக்கும் எம் பையனுக்கும் ரெண்டு போதும்" என்றார்.

அவர்களைவிடக் குறைந்த புள்ளி எடுத்த பையன் எப்படி முன்னால் போக முடியும் என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு உலகம் புரிய வேண்டும் என்கிற உண்மையான அக்கறை அந்த முகத்தில் இருந்தது. "அண்ணாத்த, ஒரே மனைக்கு ரெண்டு பேரு அடிச்சுகினாங்கன்னு வெச்சுக்கோ. நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா? ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்து ஒக்கார வெச்சுட்டு, மூணாவது ஆளுக்கு ரிஜிஸ்தர் பண்ணிடுவோம்."

உருளும் பிள்ளை

அந்த மனிதரைத் துரத்தத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. முப்பத்தேழோடு இரண்டைச் சேர்த்தால் முப்பத்தொன்பது. இன்னும் ஒரு கட்டில் இருக்கிறது. இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரே அம்மா வந்தால் மூன்று கட்டில் போதும். மொத்தம் சரியாக நாற்பது. பிள்ளையோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் விதி. ஆளுக்கொருவர் என்று எங்கும் இல்லை. ஆக்னஸின் அம்மா ஆரோக்கியமேரி செருப்புக் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். லீவு எடுத்தால் மறுபடி வேனில் இடம் இருக்குமா என்று பயந்துகொண்டிருந்தார். சிந்துஜாவின் அம்மா போனால் அவருக்கும் நல்லதுதான். செயலாளர்கூட, "அட, பிரமாதம்" என்றார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு ருசித்தது.

கல்பாக்கம் குடியிருப்புக்குப் போனேன். சிந்துஜாவின் அம்மா கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். நன்றாக உபசரித்தார். காபி, முறுக்கு, மறுபடியும் காபி. சிந்துஜா உள்ளேயிருந்து வந்து, "ஆக்னஸ்னா அந்த ஆமைக் கேள்வி கேக்கற பொண்ணுங்களா சார்?" என்று ஆசையாகக் கேட்டாள். ஆக்னஸின் கேள்விகளில் இரண்டைச் சிறுவர் பக்கத்தில் போட்டிருந்தோம். அம்மா மகளைப் படிக்க அனுப்பினார். ஆக்னஸ் எந்தத் தெரு, எந்தச் சர்ச், அப்பாவுக்கு முன்னால் தாத்தா என்ன செய்துகொண்டிருந்தார் என்று என்னைக் கேட்டார். நெல் வயலில் கூலி வேலை என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்னதே போதுமானதாக இருந்தது அவருக்கு. தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க சார். எங்க பாப்பா தூக்கத்துல உருளுவாங்க. பாவம், பக்கத்துல படுக்கற புள்ளைக்குத்தான் தொந்தரவு."

பாதிப் பாதி

கடைசியில் செயலாளரே தீர்ப்புச் சொன்னார். முகாமை வெட்டிவிடலாம். முதல் மூன்று நாள் ஒருத்தி, கடைசி மூன்று நாள் மற்றவள். இரண்டே கட்டில், யாருக்கும் குறையில்லை. கணக்குத் தெரிந்தவர்களும் இப்படிச் செய்வதுண்டு. பத்தொன்பதாவது, இருபதாவது என்ற இரண்டு இடத்தில் இரண்டு பேர் சமமாக இருந்தால் ஆளுக்குப் பத்தொன்பதரை என்று போடுவார்கள். எண்ணை அப்படிப் பாதியாக்கலாம். ஆறாம் நாள் விடியற்காலையைப் பாதியாக்க முடியாது. சான்றிதழும் அன்றைக்குத்தான். முதலில் வருகிறவளுக்குத் தபாலில் அனுப்புவார்களாம்.

தரையில் இரண்டு பாய் என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே அழைப்பிதழில் கையெழுத்துப் போட்டார். தனலட்சுமியிடம் வந்து சொன்னபோது, "ரெண்டு பாய் போடறதுக்கு இத்தினி மூளையா சார்?" என்றார். யார் எந்தப் பாதி என்று கேட்கப் போனபோது சிந்துஜாவின் அம்மா அன்றும் காபி கொடுத்தார். கடைசிப் பாதி தங்களுக்கே வரும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பியபடி சொன்னார்: "அவங்க கிட்டயே மொதல்ல கேளுங்க சார். நாளைக்கு நாங்க எடுத்துக்கிட்டோம்னு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க."

கருங்குழி

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரமாகப் பார்த்துப் போனேன். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இறங்கும் தெருவில் ஓட்டு வீடு. வாசலில் லோடு ஆட்டோ நின்றது. ஆக்னஸின் அப்பா அதன் அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. "வாங்க சார், கை பூரா கிரீஸு" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தார். ஆரோக்கியமேரி டீ கொண்டுவந்தார். ஆக்னஸ் சர்ச்சுக்குப் போட்ட கவுனோடு நின்றாள். நான் நினைத்ததைவிடச் சின்னவள். இரண்டு பாதியையும் அவளுக்கே தெளிவாக எடுத்துச் சொன்னேன். முதல் மூன்று நாள் தொலைநோக்கியும் சோதனைக்கூடமும். கடைசி மூன்று நாள் உப்பங்கழியும் பறவைகளும், ஆறாம் நாள் ஆமைக் குஞ்சும் சான்றிதழும். நீதான் முதலில் சொல்ல வேண்டும், நீ சொன்னதுதான் முடிவு என்றேன்.

"அப்பறம் இன்னாடி யோசிக்கிற?" என்றார் ஆரோக்கியமேரி. "பின்னால வர்ற மூணு நாளக் கேளு. ராத்திரி பகல்னு இல்லாம ஆமை, ஆமைன்னு எம் பிராணன வாங்கினியே. சூப்பரைசர் கிட்ட நான் சொல்லிக்கறேன். வேலையே போனாலும் போவட்டும், போய்ட்டு வரலாம்." ஆட்டோவுக்கு அடியிலிருந்து அப்பாவும், "ஆமைதான் சார், அதுக்குத்தான எழுதிக்கினு கெடந்துச்சு" என்றார்.

ஆக்னஸ் என்னைப் பார்த்தாள். "மொத மூணு நாளு சிந்துஜா போய்ட்டா, அவங்க அங்கயே இருந்துட மாட்டாங்களா சார்?"

"மாட்டாங்கம்மா. எழுதி வெச்சிருக்கு."

"நடுவுல மறுபடியும் யாராச்சும் கணக்குப் போட்டு மாத்துவாங்களா?"

மாற்ற மாட்டார்கள் என்று சொல்வதற்கு முன் டீ கிளாஸை எங்கே வைப்பது என்று பார்த்தேன். பக்கத்தில் இடம் இல்லை. தரையில் வைத்தேன். பிறகு மாற்ற மாட்டார்கள் என்றுதான் சொன்னேன். கடைசி நாளில் மட்டும்தான் ஆமை என்பதையும் இன்னொரு தடவை சொன்னேன், அவளுக்குச் சரியாகப் புரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. புரிந்தது என்று தலையாட்டினாள்.

ஆக்னஸ் முதல் மூன்று நாட்களைக் கேட்டாள்.